உக்ரேனில் நான் சொன்ன சாட்சி

உக்ரேன் போய் வந்ததைப் பற்றிச் சபை இதழுக்கு எழுதித் தரும்படி போதகர் ஐயா மூன்று தரம் கேட்டுவிட்டார். "குளிர், சாப்பாடு, அங்கத்தப் பிள்ளைகள், எல்லாத்தையும் எழுதுங்க தங்கச்சி. சனம் விரும்பி வாசிக்கும்" என்றார். எழுதுகிறேன். ஆனால் அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று சொன்ன சாட்சி உண்மையல்ல. அதைத் திருத்தாமல் குளிரையும் சாப்பாட்டையும் மட்டும் எழுத மனம் வரவில்லை.

முதலில் வீட்டு விஷயம். நானும் கணவரும் ஒன்றரை வயது மகள் ஷரோனும் இருக்கும் வீடு, கல்முனைக்கு மேற்கே வயலை நிரப்பிக் கட்டிய சுனாமி வீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. அது எனக்கு வந்த வீடல்ல. பாண்டிருப்புக் கடற்கரையில் இருந்த என் சின்னம்மாவும் சித்தப்பாவும் அலையில் போய்விட்டார்கள். தப்பிய ஒரே மகள் ஜெனிற்றாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்த வீடு அவளுக்காக வந்தது. பிள்ளை சிறியவள் என்பதால் பொறுப்பாளர் என்று என் அப்பா கையெழுத்து வைத்தார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் அதில் மாற்றமில்லை. அப்பாவிடம் இருந்த ஒரு வீடு அக்காவுக்குப் போயிற்று. எனக்குப் பேசி வந்தபோது கட்டிக்கொடுக்க வழியில்லை. "அவளுக்கு இப்பதான் பதினஞ்சு. அவட முறை வரக்குள்ள ஒண்டக் கட்டிக் குடுப்பம்" என்றார் அம்மா. ஜெனிற்றாவின் வீடு எனக்குச் சீதனமாயிற்று. யாரும் மறுக்கவில்லை. நான் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள், சபையில் மாதர் சங்கச் செயலாளர். நானும் மறுக்கவில்லை.

ஜெனிற்றாவை மட்டக்களப்பில் சபை நடத்தும் பெண்கள் விடுதிக்கு அனுப்பினோம். சண்டைக்கென்று பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போகிற காலம், விடுதிதான் பாதுகாப்பு என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னோம். அது பொய்யில்லை. போர் முடிந்தபோது அந்தக் காரணமும் முடிந்தது. நாங்கள் மட்டும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தோம்.

பயணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது விடுதியிலிருந்து கடிதம் வந்தது. ஜெனிற்றாவுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது, மாத முடிவில் வந்து அழைத்துப் போகவும் என்று இருந்தது. அப்பா கடிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். "நீ போயிட்டு வா. மறுகா பாப்பம்."

குளிருக்கு ஜக்கெட் தந்தவர் சாய்ந்தமருதில் தையல் கடை வைத்திருக்கும் ரமீஸா ராத்தா. அவருடைய மகன் கொரியாவிலிருந்து கொண்டு வந்தது. முதுகில் பெரிதாகக் கொரிய எழுத்து. சின்னம்மா அவருடைய கடையில்தான் தைத்தவர்.

"அங்க அநாதப் புள்ளைகளுக்கு என்ன செய்யிறாங்க எண்டு வடிவாப் பாத்துட்டு வா. உண்ட சின்னம்மாட புள்ளையும் படிச்சு முடிச்சிட்டாளாமே. எங்க வெச்சிரிக்கப் போறீங்க?"

"பாப்பம் ராத்தா."

"பாக்க என்னகா கெடக்கு? அவட ஊடு அவக்கு. அது அமானிதம் புள்ள, உங்கட கையில நம்பித் தந்து வெச்சது." என் முகத்தைப் பார்த்தவர் உடனே ஜக்கெட்டின் சிப்பை இழுத்துக் காட்டினார். "இது கொஞ்சம் சண்டித்தனம் பண்ணும். பதனமா இழு."

என்னையும் போதகர் ஐயாவையும் அழைத்தது எங்கள் சபையோடு தொடர்புள்ள ஒரு மிஷன். உக்ரேனில் அரசாங்க அநாதை இல்லங்களிலிருந்து வெளியேறும் பிள்ளைகளை ஆறு ஏழு பேராகச் சாதாரண வீடுகளில், ஒரு கணவன் மனைவியின் பொறுப்பில் வைத்துப் பார்க்கிறார்கள். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் உறவினர்கள் பிள்ளைகளை எப்படிப் பொறுப்பெடுத்தார்கள் என்று எங்களிடம் கேட்க விரும்பினார்கள். போதகர் ஐயா என்னைத் தெரிந்தெடுத்த காரணம் ஆங்கிலம் மட்டுமல்ல. "உங்கட குடும்பமே நல்ல உதாரணம்தானே" என்றார். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். "ஓம் ஐயா" என்றேன்.

எங்களை இறக்கிய சிறு நகரத்தில் இலைகள் எல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தன. வழி முழுவதும் கறுப்பு மண். சம்மாந்துறைப் பக்கத்து வயல் அறுவடைக்குப் பிறகு கிடப்பதுபோல் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெறுமையாகக் கிடந்தது, ஆனால் ஒரு வாய்க்கால்கூட இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மேலிருந்து" என்றாள் ஒக்ஸானா. அவள்தான் எங்கள் மொழிபெயர்ப்பாளர், கல்லூரி மாணவி.

நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பொறுப்பானவர் லூடா. வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் ஊரைப்போல் இருந்தது. மேசையில் பீற்றூட் சூப்பும் கறுத்தப் பாணும் இருந்தன. ஒரு தட்டில் வெள்ளையாக மெல்லிசாக வெட்டிய ஏதோ ஒன்று. போதகர் ஐயா நாலைந்து துண்டுகளை எடுத்து வாயில் போட்டார். போட்டவர் அப்படியே இருந்துவிட்டார். "தேங்காய்ச் சொட்டு எண்டு நினைச்சன் தங்கச்சி" என்றார் மெல்லிய குரலில். அது உப்பிட்ட பன்றிக் கொழுப்பு. லூடாவுக்கு அவர் விரும்பிச் சாப்பிடுகிறார் என்று சந்தோஷம். ஒவ்வொரு நாளும் அவருக்கு முன்னால் அந்தத் தட்டு வந்தது.

நான் கொண்டு போன மிளகாய்த்தூளைச் சூப்பில் தூவியபோது பிள்ளைகள் எல்லோரும் கோப்பையை நீட்டினார்கள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓட ஓட இரண்டாம் தரமும் கேட்டவள் விக்கா. பதினேழு வயது. ஒல்லியானவள், நகத்தைக் கடிக்கிற பழக்கம். அவளுக்கும் இரண்டு மாதத்தில் பதினெட்டு.

காலையில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவும் தொட்டியில் பாலைப் பிழிந்து விட்டேன். ஷரோன் இன்னும் பால் குடி மறக்கவில்லை. பத்து நாளுக்கு விட்டுவிட்டு வந்தது சரியா என்று விமானத்தில் ஏறியதிலிருந்து என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் அம்மா, "புள்ள சாப்பிர்றா, சிரிக்கிறா. நீ உண்ட வேலையப் பார்" என்றார். அழுகிறாள் என்று சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் மற்ற வீடுகளைப் பார்க்கச் சிறு பஸ் ஒன்றில் போனோம். கல்முனையில் வான் வண்டிகளில் அடைப்பதுபோல்தான் ஆட்களை அடைத்திருந்தார்கள், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திடீரென்று பின்னால் இருந்த ஒரு வயதான அம்மா என் தோளைத் தட்டி, என் கையில் சில்லறையை வைத்தார். ஜக்கெட்டைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார் என்று நினைத்து வெட்கத்தோடு ஐயாவைப் பார்த்தேன். "வாங்குங்க, வாங்குங்க. மறுத்தா மனம் நோகும்" என்றார். கும்பிட்டு, நன்றி சொல்லி, கைப்பைக்குள் போட்டேன்.

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா ஏதோ சத்தமாகக் கேட்டார். அதற்கு ஓர் ஆள் பதில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் நின்ற ஒக்ஸானா நெருக்கிக்கொண்டு வந்தாள்.

"அது அவருடைய பஸ் காசு. கைக்குக் கை கொடுத்து ஓட்டுநரிடம் அனுப்புவோம்."

"என்ன கேட்டார்?"

"'உங்கள் நாட்டில் கையில் கொடுத்ததை வைத்துக்கொள்வார்களா?' என்று."

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். காசை எடுத்து முன்னால் நின்றவரிடம் கொடுத்தேன்.

ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகள் தாங்களே சமைத்தார்கள், மின்சாரக் கட்டணம் கட்டப் பழகினார்கள், வைத்தியரிடம் தனியாகப் போகப் பழகினார்கள். பெரிய இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு முட்டை அவிக்கவும் தெரியாதாம்; அவித்த முட்டை தட்டில் வந்துதான் பழக்கம். லூடா சொன்னார்: "பதினெட்டு வயதில் அரசாங்கம் கையை விட்டுவிடும். அடுத்த நாள் காலையில் இந்தப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்? எங்கள் வேலை அந்த ஒரு கேள்விதான்."

ஒவ்வொரு வீட்டிலும் போதகர் ஐயா என்னைக் காட்டினார். "இவவின்ட குடும்பம் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை ஒண்டப் பொறுப்பெடுத்து வளர்த்தது." நான் அதை ஆங்கிலத்தில் சொல்ல, ஒக்ஸானா அவர்கள் மொழியில் சொன்னாள். என்னைப் பற்றிய புகழை என் வாயாலேயே மொழிபெயர்த்துக்கொண்டு போனேன். மூன்றாம் வீட்டில் ஒரு பெண் எழுந்து வந்து என் கன்னத்தில் முத்தமிட்டார்.

நாலாம் நாள் விக்கா லூடாவிடம் அனுமதி கேட்டாள். "அக்காவுக்கு என் வீட்டைக் காட்டிவிட்டு வருகிறேன்" என்றாளாம். ஒக்ஸானாவும் வந்தாள். மின்கம்பியில் ஓடும் பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் அதன் கொம்பு கம்பியிலிருந்து கழன்று, பஸ் அப்படியே நின்றுவிட்டது. ஓட்டுநர் ஒரு பெண். முணுமுணுத்தபடி இறங்கிப் பின்னால் போய், தடித்த கையுறையோடு கயிற்றை இழுத்து, கொம்பைக் கம்பியில் மாட்டிவிட்டு வந்து அமர்ந்தார். எங்கள் ஊரென்றால் பத்துப் பேர் சுற்றி நின்று யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே யாரும் யன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் முற்றத்தில் விக்கா நின்றாள். மூன்றாம் மாடியைக் காட்டினாள். ஊறுகாய்ப் போத்தல்கள் அடுக்கிய சிறிய பல்கனி, கொடியில் குழந்தை உடுப்புகள்.

"அது என் அம்மாவின் வீடு. பத்திரத்தில் என் பெயர்தான்."

தாய் இறந்தபோது விக்காவுக்கு ஒன்பது வயது. தாயின் அக்கா பொறுப்பாளரானார். எங்கள் முறையில் பெரியம்மா. ஒரு வருடத்துக்குள் விக்காவை இல்லத்தில் சேர்த்துவிட்டார். பிறகு பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது, இருக்க வீடு வேண்டியிருந்தது. "எனக்கு இல்லத்தில் கட்டில் இருந்தது தானே" என்றாள் விக்கா. கோபமே இல்லாமல் சொன்னாள். எங்கள் அம்மாவும் ஜெனிற்றாவைப் பற்றி இதே குரலில்தான் பேசியிருந்தார்.

அப்போது பல்கனிக் கதவு திறந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு, உடுப்பு எடுக்க வந்தாள். கீழே பார்த்தாள். விக்கா கையை உயர்த்தி அசைத்தாள். அந்தப் பெண் ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு உடுப்பை எடுக்காமலே உள்ளே போய்த் திரையை இழுத்தாள். உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. ரமீஸா ராத்தாவின் ஜக்கெட்டுக்குள் என் சட்டை பாலில் நனைந்தது.

"அவள் கெட்டவள் இல்லை. சின்ன வயதில் எனக்குத் தலை பின்னி விடுவாள். இப்போது என்னைக் கண்டால் பயம், வீட்டைக் கேட்டுவிடுவேன் என்று."

"கேட்பாயா?" என்றேன்.

"நீதிமன்றம் போனால் கிடைக்கும் என்று லூடா சொல்கிறார். வீடு கிடைக்கும். அக்கா கிடைக்க மாட்டாள்."

அவளுக்கு நான் சொன்னது என்ன தெரியுமா? "ஜெபம் செய்" என்றேன். ஒக்ஸானா அதை மொழிபெயர்ப்பதற்கு முன் என்னை ஒரு தரம் பார்த்தாள்.

அந்தப் பெண் திரையை இழுத்த விதம் இரண்டு நாட்களாகக் கண்ணை விட்டுப் போகவில்லை. விடுமுறைக்கு ஜெனிற்றா ஊருக்கு வரும் நாட்களில் நானும் இப்படித்தான். அவளை அம்மா வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார்கள். நான் அங்கே போய்ப் பார்ப்பேன். கேக் கொண்டு போவேன். எங்கள் வீட்டுக்கு வா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல என்னை அழைத்தார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று காலையில் நினைத்தேன். எழுந்து நின்றபோது முன்வரிசையில் லூடாவும் ஆறு பிள்ளைகளும், பக்கத்தில் சிரித்த முகத்தோடு போதகர் ஐயா. கையில் ஊரிலேயே எழுதிக்கொண்டு வந்த தாள். அதை வாசித்தேன். "கர்த்தர் எங்களுக்கு ஒரு தங்கையைத் தந்தார். எங்கள் வீட்டுக் கதவை அவளுக்குத் திறந்து வைத்தோம்." ஒவ்வொரு வசனத்துக்கும் ஒக்ஸானாவின் குரல் பின்னால் வந்தது. ஒரே பொய்யை இரண்டு தரம் கேட்டேன்.

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது விக்கா என் கையைப் பிடித்தாள்.

"உங்கள் தங்கைக்கு எந்த அறை?"

"முன்னறை."

"யன்னல் இருக்கிறதா?"

"இருக்கிறது. இரண்டு."

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "என் அக்காவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன். உங்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் அவளுக்குப் பயம் போய்விடும்."

இல்லை, எழுதாதே, நான் உன் அக்காவின் இடத்தில் இருக்கிறவள் என்று சொல்ல இரண்டு வசனம் போதும். ஒக்ஸானா பக்கத்திலேயே நின்றாள். நான் விக்காவின் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

ஊருக்கு வந்தபோது ஷரோன் என்னிடம் வர மறுத்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள். அரை நாள் கழித்துத்தான் வந்தாள். அன்றே அப்பா, அம்மா, கணவர் மூவரும் இருக்கும்போது சொன்னேன்.

"ஜெனிற்றாட வீட்ட அவக்குக் குடுத்திருவம்."

"அந்த நாட்டுக் குளிர் மண்டைக்குள்ள போயிட்டா உனக்கு?" என்றார் அம்மா. "கைப்பிள்ளையோட எங்க போகப்போறாய்? நாங்க அவள றோட்டிலயா விட்ட? சாப்பாடு, படிப்பு, உடுப்பு, எது குறைஞ்சது?"

"வீடு குறைஞ்சது அம்மா."

அப்பா வேதாகமத்தைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து என்னிடம் தந்தார். கணவர்தான் பேசினார். "வாடகைக்குப் போறதெண்டாலும் போவம். ஆனா எங்கட ஆக்கள் கேப்பாங்க, சீதன வீடு எங்க எண்டு. அப்ப மாமா பதில் சொல்லட்டும். நீங்களோ நானோ சொல்லத் தேவல்ல." அவர் கோபத்தில் சொன்னாரா ஆதரவாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

மட்டக்களப்புக்குத் தனியாகப் போனேன். விடுதி வாங்கில் ஜெனிற்றா ஒரு சூட்கேசோடு உட்கார்ந்திருந்தாள். நான் பஸ்ஸில் பாடமாக்கி வந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தெரியும் அக்கா" என்றாள்.

"எப்ப தொடக்கம்?"

"அடையாள அட்டைக்கு ஊருக்கு வந்தனே, பதினாறு வயசில. அப்ப கிராம சேவகர் சொன்னவர், உண்ட வீட்டிலதானே உண்ட அக்கா இருக்கா எண்டு."

"ஏன் என்னட்டக் கேக்கல்ல?"

"நீங்க அப்ப பிள்ளத்தாச்சி."

சூட்கேசின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் அழுதேன், அவள் அழவில்லை. நாங்கள் வாடகைக்குப் போகிறோம் என்று சொன்னதும்தான் நிமிர்ந்தாள்.

"நான் தனிய அங்க இருந்து என்ன செய்யிற? நீங்களும் இருங்க. ஆனா பேர ஒழுங்கா மாத்தித் தாங்க. வாய்ப் பேச்சு வேணாம்."

அதைக் கேட்டதும் நெஞ்சு லேசானது. வீடு மாற வேண்டியதில்லை, ஷரோனைத் தூக்கிக்கொண்டு வாடகை வீடு தேட வேண்டியதில்லை என்று முதலில் நினைத்தேன். அவளைப் பற்றிய நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது. உக்ரேனில்கூட என்னை நானே அவ்வளவு வெறுத்த கணம் இல்லை.

வீட்டுக்கு வந்து முன்னறையை ஒதுக்கிக் கொடுக்கப் போனேன். ஜெனிற்றா எல்லா அறைகளையும் சுற்றிப் பார்த்தாள். குசினிக் குழாயைத் திறந்து பார்த்தாள். "நான் பெரிய அறைய எடுக்கிறன் அக்கா" என்றாள். அது நாங்கள் படுக்கும் அறை. கட்டிலை நகர்த்தும்போது மனம் சுருங்கியது என்பதையும் எழுதிவிடுகிறேன். ஒக்ஸானாவுக்கு எல்லாவற்றையும் விபரமாக எழுதி, விக்காவிடம் வாசித்துக் காட்டும்படி கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை அப்பாவின் கையெழுத்தோடு பிரதேச செயலகத்துக்குப் போனோம். காணிப் பிரிவில் இருந்த உத்தியோகத்தர் கோப்பைப் புரட்டிவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"ஊட்டுக்காரி ஆரு?"

கடைசி மூன்று வருடங்களாக இந்தக் கேள்விக்கு நான் தயங்காமல் பதில் சொல்லி வந்தவள். "இவ" என்றேன்.

"அப்ப நீங்க ஆரு தங்கச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெனிற்றா சொன்னாள்: "எண்ட அக்கா. எண்ட வீட்டில இருக்கிறா."

அவர் தலையசைத்து, படிவத்தின் கடைசிப் பகுதியில் எழுதினார்: உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவர். எழுதிவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். அந்த வரிக்குக் கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்து வைத்தேன்.